ஒரு நாட்டின் பெயரும் ஒரு சிலேடையும்



அணியிலக்கணம் கற்றோர் பிரிமொழிச் சிலேடையை அறிவர். சேர்ந்து நிற்கையில் ஒரு பொருளும், பிரிந்து நிற்கையில் வேறொரு பொருளும் தரும் சொல் அது. புலவர் கையில் அது விளையாட்டு. தீவிரக் குழுக்களின் கையில் அது என்னவாகும் என்பதற்கு நமது கண்டி வரலாறே சான்று.

1815 மார்ச் 2 ஆம் திகதி ஆங்கிலேயர் வசமாகும்வரை, மலைநாட்டு இராச்சியத்தைச் சிங்கள மக்கள் 'சிங்ஹலே' என்றனர். அது ஒரு நாட்டின் பெயர். அங்கு வாழ்ந்தோர் பலவகையினர். பல்லேகலவுக்கு அண்மையில், குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்த நரேந்திரசிங்கன் மதுரை நாயக்கர் குலத்தில் பெண்ணெடுத்தான். 1739 இல் அரசியின் சகோதரன் அரியணை ஏறினான். இறுதி நான்கு மன்னரும் நாயக்கரே. அவர்களுள் ஒருவனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலேதான், 1753 இல், சீயத்துப் பிக்குகள் வந்து உபசம்பதாவை மீள நிலைநாட்டினர். முஸ்லிம்கள் அரச வைத்தியராகவும் வணிகராகவும் விளங்கினர்.

2015 இன் இறுதியில் அதே சொல் வாகனங்களில் ஒட்டப்பட்டது, 'சிங்ஹ', 'லே' எனப் பிரிக்கப்பட்டு! சிங்களத்தில் 'லே' என்றால் இரத்தம். நாட்டின் பெயர் சிங்கத்தின் இரத்தமாயிற்று. நாட்டிலே எவரும் குடியிருக்கலாம். இரத்தத்திலோ பிறப்பால் அன்றி இடமில்லை. 2016 ஜனவரியில் நுகேகொடையில் முஸ்லிம்களின் வீட்டுச் சுவர்களிலும் அச்சொல் எழுதப்பட்டது.

கவர்ச்சியின் இரகசியம் இதுதான். புதிய கொள்கையைச் சொல்லி அழைத்தால் கேட்பவன் யோசிப்பான். பழகிய சொல்லால் அழைத்தால், தன் வீட்டுக்குத் திரும்புவதாகவே எண்ணுவான். பொது பல சேனா, மஹசோன் பலகாய என்ற பெயர்களையும் நோக்குங்கள். இரண்டும் படையைக் குறிப்பன. படை என்று பெயரிட்டபின் பகைவன் ஒருவன் தேவைப்படுகிறான்.

2018 மார்ச்சில், ஒரு சாரதியின் மரணத்தைத் தொடர்ந்து, திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டினுள் ஓர் இளைஞர் மாண்டார். 6 ஆம் திகதி அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அவற்றில் பரவிய வெறுப்புச் சொற்களைத் தடுக்கத் தவறியதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

இது ஓர் இனத்தின் நோயன்று. ஜேர்மனியில் நாசிகள் 'வெறி' என்னும் இழிசொல்லையே புகழ்ச்சொல்லாக்கியதை மொழியறிஞர் விக்டர் கிளெம்பரர் 1947 இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்தார். நம் தமிழிலும் 'துரோகி' என்ற சொல் மேடைகளில் முழங்கிற்று. அவ்வாறு தூற்றப்பட்ட யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர் அச்சொல் எத்தனை தமிழரின் உயிரைக் குடித்தது என்பதை நாம் அறிவோம்.

ஆகவே நேயர்களே, நமக்குப் பிரியமான சொல்லொன்றை ஒருவர் உரத்துக் கூறும்போது, அதன் பழைய பொருள் யாது, புதிய பொருளில் வெளியே நிறுத்தப்படுபவர் யார் என்று கேட்போம். மாணவர்க்கு இலக்கணம் கற்பிப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று.