வேலைக்கு நடுவே: சங்கரன்கோவில் வட்டாரத்து இளம்பெண்களின் ஓய்வுப்பொழுது

சங்கரன்கோவில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, கரிசலும் செவலும் கலந்த வறண்ட நிலத்தில் அமைந்த ஊர். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சங்கரநாராயணர் கோயில், பூச்சந்தை, விசைத்தறி ஆகிய மூன்றும் ஊரின் அடையாளங்கள். சுற்றுப்புறக் கிராமங்களில் பருத்தியும் மிளகாயும் விளைகின்றன. பீடியும் தீப்பெட்டியும் வீட்டுக்கு வீடு கூலி தந்த தொழில்கள். இவை எல்லாவற்றிலும் இளம்பெண்களின் உழைப்பு கலந்திருக்கிறது. அதனால் அவர்கள் பொழுதைக் கழித்த வரலாறு அவர்கள் செய்த வேலையின் வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது. விளையாட்டு, நோன்பு, கைவேலை, வாசிப்பு, வானொலி, கைப்பேசி என்று காலந்தோறும் பழக்கம் மாறியது. ஆனால் எந்தப் பழக்கத்துக்கும் வீட்டில் அனுமதி கிடைக்க அதற்கு ஒரு பயன் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது.

சமைந்ததற்கும் திருமணத்துக்கும் இடையில்

சிறுமி என்ற நிலைக்கும் மனைவி என்ற நிலைக்கும் இடையில் பல ஆண்டுகள் கிடைப்பது பழைய ஏற்பாட்டில் எல்லாருக்கும் வாய்த்ததல்ல. சில சமூகங்களில் பெண் சமையும் முன்பே திருமணம் முடிந்துவிடும். உழைக்கும் குடும்பங்களில் அது சற்றுத் தள்ளிப்போகும். அங்கே காட்டுவேலை அந்த இடைவெளியை நிரப்பிவிடும். சமைந்த பெண்ணை வெளியே அனுப்பாமல் வீட்டோடு நிறுத்திக்கொள்வது இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பள்ளிப்படிப்பும் அத்தோடு நின்றுபோகும்.

சட்டம் இந்த இடைவெளியை மெல்ல நீட்டியது. 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. 1949-இல் அது 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. சட்டத்தை மீறிய திருமணங்கள் தொடர்ந்து நடந்தன. ஆனாலும் பள்ளிப் படிப்போடு சேர்ந்து அது வேலை செய்ததில், திருமணம் ஆகாத ஓர் இளம்பெண் வீட்டில் சில ஆண்டுகள் இருப்பது இயல்பான காட்சியாயிற்று. பெண்களுக்கான பத்திரிகை, தையல் வகுப்பு, டைப்ரைட்டிங் வகுப்பு எல்லாம் இந்த ஆண்டுகளை நம்பியே வளர்ந்தன.

குழியும் கல்லும்

வீட்டோடு நிறுத்தப்பட்ட பெண்ணுக்குத் துணையாக இருந்தது பல்லாங்குழி. சமைந்த பெண்ணைத் தனியே உட்கார்த்தி வைக்கும் நாட்களிலும், கர்ப்பிணிப் பெண்கள் ஓய்வெடுக்கும் நாட்களிலும் அதை ஆடுவது வழக்கம். வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 குழிகள். குழிக்கு ஐந்தோ ஆறோ புளியமுத்து அல்லது சோழி. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வரும்போது, தன் பக்கக் குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’; அதை உடனே எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே மனத்தில் எண்ணத் தெரிந்தவளே ஜெயிப்பாள். பலகை இல்லாத வீட்டில் மண்தரையில் குழி பறித்துக்கொண்டார்கள்.

தட்டாங்கல்லுக்குச் செலவே கிடையாது. ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுவதற்குள் கீழே கிடப்பவற்றை ஒன்றாக, இரண்டாக, மூன்றாக அள்ளி, விழும் கல்லையும் பிடிக்க வேண்டும். சங்க இலக்கியம் ‘கழங்கு’ என்று குறிப்பிடுவது இதன் மூத்த வடிவம். பெண்கள் பாடிக்கொண்டே ஆடும் அம்மானை, பந்து, ஊசல் மூன்றுக்கும் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் தனித்தனி வரிப்பாடல்கள் உண்டு.

நோன்பும் தபசும்

வெளியே போவதற்கும் இரவில் விழித்திருப்பதற்கும் பெண்களுக்கு மறுப்பில்லாமல் கிடைத்த அனுமதி நோன்பு. சங்கரன்கோவிலுக்கு வடக்கே, அதே ரயில் தடத்தில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஊர். திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் கன்னிப்பெண்கள் விடியுமுன் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு நீராடப் போவதைச் சுற்றியே அமைந்தவை. மார்கழி விடியலில் வாசலில் பெரிய கோலம் போடும் வழக்கத்துக்கும் இந்த நோன்புக் காலமே களம். புள்ளி எண்ணிக்கையையும் சிக்குக் கோலத்தின் வளைவுகளையும் தாயிடமும் பக்கத்து வீட்டு அக்காளிடமும் கற்று, ஒரு பழைய நோட்டில் வரைந்து வைப்பது இளம்பெண்களின் தனிச் சேமிப்பு.

செவ்வாய்ப் பிள்ளையார் விரதம், ஔவை நோன்பு என்றெல்லாம் பெயருள்ள வழிபாடு தென்மாவட்டங்களில் இன்னும் அந்தரங்கமானது. செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் மட்டும் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆண்பிள்ளைகளுக்கு, அவர்கள் சிறுவர்களாக இருந்தாலும், அங்கே இடமில்லை. பச்சரிசி மாவில் உப்பில்லாமல் விதவிதமான வடிவங்களில் கொழுக்கட்டை பிடித்து அவித்து, ஔவையின் கதையைச் சொல்லி, விடியுமுன் தடயமில்லாமல் சாப்பிட்டு முடிப்பார்கள். தை, மாசி, ஆடி மூன்றும் இதற்கு உரிய மாதங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ‘தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி’ என்று ஒரு சொலவடையும் உண்டு.

ஊரின் பெரிய பொழுது ஆடித்தபசு. அரியும் சிவனும் ஒன்றே என்பதைக் காண வேண்டி கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் இருந்ததாகவும், ஆடி உத்திராட நாளில் இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்ததாகவும் தலபுராணம் சொல்கிறது. பன்னிரண்டு நாள் திருவிழாவில் கொடியேறியதும் ‘ஆடிச்சுற்று’ தொடங்கும். வேண்டிக்கொண்டவர்கள் கோயிலை 101, 108, 1008 என்று சுற்றி வருவார்கள். சுற்றுகிறவர்களின் கால்வலியை அம்மன் தாங்கிக்கொள்கிறாள் என்பது நம்பிக்கை. தபசுக் காட்சியன்று விவசாயிகள் பருத்தி, வத்தல், தானியம் என்று தங்கள் விளைச்சலை அம்மனை நோக்கி வீசுவார்கள். தோழிகளோடு சேர்ந்து நடக்கவும், ரதவீதிக் கடைகளில் வளையலும் ரிப்பனும் பார்க்கவும், உறவுக்காரப் பெண்களிடம் ஓர் ஆண்டுச் செய்தியைப் பேசித் தீர்க்கவும் அந்த நாட்களில் வழி பிறந்தது. அம்மனே தனியாகத் தவம் இருந்த ஊர் என்பதால் கோமதி என்ற பெயர் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும்.

ஊசியும் நூலும்

பெண்களுக்கு ‘கைவேலை’ ஒரு பாடமாக நுழைந்தது மிஷன் பள்ளிகள் வழியாக. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியரில் மார்த்தா அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களின் மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கலையையும் கொண்டுவந்தார். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரில் எழுந்த பெண்கள் பள்ளியும் பின்னர் கல்லூரியும் நெல்லைச் சீமை முழுவதற்கும் ஆசிரியைகளைத் தந்தன. அவர்கள் போன ஊர்களில் எல்லாம் தலையணை உறையில் பூவேலை, குரோஷே கொக்கி, குறுக்குத் தையல் ஆகியவை பரவின.

சுதந்திரத்துக்குப் பின் தையல் இயந்திரம் கல்யாணச் சீரில் இடம்பிடித்தது. பள்ளி முடித்த பெண் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்து ‘லோயர்’, ‘ஹையர்’ எழுதுவதும், விடுமுறையில் பிளாஸ்டிக் வயர் கூடை பின்னுவதும் அடுத்த தலைமுறையின் பழக்கங்கள். வயர் கூடையில் சாதாரண முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு என்று படிப்படியாகத் தேர்ச்சி உண்டு. புது முடிச்சு தெரிந்தவள் தெருவுக்கே ஆசிரியை. கூடை சந்தைக்கும் பள்ளிக்கும் உதவும் பொருள் என்பதால் வயர் வாங்கிய காசுக்கு வீட்டில் கேள்வி எழாது.

பூ கட்டுவதும் இதே வகை. சந்தையிலிருந்து வரும் மல்லிகையும் பிச்சியும் உதிரியாக இருக்கும். நனைத்த வாழைநாரில் இரண்டிரண்டு மொட்டுகளை எதிரெதிராக வைத்து ஒரு முடி போட்டால் ஒரு கண்ணி. கண்ணி நெருக்கமாக விழுந்தால் சரம் அடர்த்தியாக நிற்கும். தலைக்கு வைக்கக் கட்டிய விரல்களே கூலிக்கும் கட்டின.

கேட்கும் காது, உழைக்கும் கை

1927-இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை திறந்தபின் வெளியூர்ப் பத்திரிகைகள் சங்கரன்கோவிலுக்கு எளிதாக வந்தன. பெண்களுக்கான தமிழ் இதழ்கள் அதற்கு முன்பே தோன்றியிருந்தன. 1905-இல் தொடங்கிய ‘சக்கரவர்த்தினி’க்குப் பாரதியார் ஆசிரியராக இருந்தார். வை.மு.கோதைநாயகி 1925-இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தினார்; குழந்தைப் பருவத்திலேயே மணமுடிக்கப்பட்ட அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். ‘கல்கி’ 1941-இலும் ‘குமுதம்’ 1947-இலும் ‘ராணி’ 1962-இலும் வந்தன. ஒருவர் வாங்கிய இதழைத் தெருவே படித்தது. தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்து, கோந்து ஒட்டி, பைண்டு செய்து வைத்தவர்கள் ஏராளம். சென்னை மாகாணத்தின் 1948 பொது நூலகச் சட்டத்தால் சிற்றூர்களுக்கும் நூலகம் வந்தது. அங்கே பெண்கள் போகத் தயங்கிய இடங்களில் தம்பியின் பெயரில் அட்டை எடுத்துப் படித்தார்கள்.

எழுத்து தெரியாதவர்களையும் வானொலி எட்டியது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தென்மாவட்டங்களில் தெளிவாகக் கேட்டது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியது. நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டையில் பாட்டின் பெயரோடு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரின் பெயரையும் ஊரோடு எழுதிப் போடுவார்கள்.

இந்த வட்டாரத்தில் வானொலி ஒட்டிக்கொண்டதற்குத் தொழிலே முக்கியக் காரணம். பீடி சுற்றுகிறவள் மடியில் சுளவை வைத்து, வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, தலையை மடக்கி, நூலைக் கட்டுவாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கு நிறைய நாள் முழுக்க உட்கார வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் வேலை, காதும் வாயும் மட்டும் காலி. நாலைந்து பெண்கள் ஒரு திண்ணையில் கூடிச் சுற்றும்போது பாட்டும் கதையும் ஊர்வம்பும் கூலி நேரத்துக்குள்ளேயே நடந்தன. விசைத்தறி வீடுகளில் தார் சுற்றும் பெண்களுக்கு அதுவும் இல்லை. தறியின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்கள் இன்னும் கடுமையானவை. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுமிகளை ஏற்றிச்செல்ல விடியுமுன் கிராமங்களுக்கு வண்டி வரும். இருட்டியபின் திருப்பி விடும். அவர்களுக்கு விளையாடும் வயதே கிடைக்கவில்லை. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், மதிய உணவோடு கூடிய பள்ளியும், பின்னர் வந்த இயந்திரங்களும் சேர்ந்தே இந்த நிலையை மாற்றின.

மனத்தை எழுதுதல்

தன்னைப் பற்றி எழுதுவது கடைசியாக வந்த பழக்கம். 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. 2011-இல் தமிழ்நாட்டில் அது 73 சதவீதத்தைத் தாண்டியது. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் ஆண்டுப் பிறப்புக்குக் கொடுக்கும் டைரி பால் கணக்குக்கும் சீட்டுக் கணக்குக்கும் முதலில் பயன்பட்டது. மகள் படிக்கத் தொடங்கியதும் அதில் சினிமாப் பாட்டும் பொன்மொழியும் ஏறின. பிறகு அன்றைய நாளின் வருத்தமும். பள்ளி முடியும்போது தோழிகளிடம் வாங்கும் ஆட்டோகிராப் நோட்டு, பேனா நண்பருக்குக் கடிதம், பத்திரிகைக்கு வாசகர் கடிதம் ஆகியவை அதன் உடன்பிறப்புகள். வீட்டில் தனியறையும் பூட்டும் இல்லாததால் டைரியை யாரும் எடுத்துப் படிக்கலாம். ஆகவே பெயர்களைச் சுருக்கியும் ஆளைக் காட்டாமலும் எழுதினார்கள்.

மிக்சி, பேருந்து, கைப்பேசி

ஓய்வைக் கூட்டியவற்றில் பல, ஓய்வுக்காக வந்தவை அல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் ஆட்டுக்கல்லின் முன் கழிந்த நேரத்தை ஏழை வீடுகளிலும் மீட்டுக் கொடுத்தது. மாணவியருக்கான இலவச சைக்கிள், 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம், 2022 செப்டம்பரில் தொடங்கி உயர்கல்வி பயிலும் அரசுப்பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் ஆகியவை ஊரைவிட்டு வெளியே போய்வருவதை எளிதாக்கின.

2016-க்குப் பின் கைப்பேசி இணையம் மலிவானதும் பழைய பொழுதுகள் புது வடிவம் எடுத்தன. கோல நோட்டு காணொளியாயிற்று. குறுக்குத் தையலின் இடத்தை ஆரி வேலை பிடித்தது: சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்து, கல்யாணப் பெண்ணின் ரவிக்கையை அலங்கரிக்கும் வேலை. மருதாணி, பட்டுநூல் வளையல், சுடுமண் நகை, மாடித்தோட்டம் ஆகியவற்றையும் வீட்டிலிருந்தே காணொளி பார்த்துக் கற்கிறார்கள். கற்றது கைவந்ததும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது அடுத்த படி. வயர் கூடைக்கு இருந்த நியாயமே இதற்கும்: வருமானம் வந்தால் வீடு தடுக்காது.

நேரப் பங்கீடு மட்டும் இந்த வேகத்தில் மாறவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதைச் செய்த ஆண்கள் 97 நிமிடம். இந்த இருநூறு நிமிட வித்தியாசம் குறையும் வீடுகளில்தான் பயன் காட்டத் தேவையில்லாத பொழுதுபோக்கு பெண்களுக்குக் கிடைக்கிறது.