பழனிமலைப் பாதைகளும் ஜீப்பின் ஆக்சிலேட்டர் மிதியும்

ஆக்சிலேட்டர் மிதியை எவ்வளவு அழுத்தினால் இயந்திரம் எவ்வளவு வேகமெடுக்க வேண்டும் என்பது, கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளுக்குப் பாதுகாப்பு தொடர்பான கேள்வியாகும். பழனிமலைத் தொடரில் ஓடும் ஜீப்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சாலையும் ஜீப்பும்

1845 இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். அக்காலத்தில் நடந்தும், குதிரையிலும், ஆட்கள் சுமந்த நாற்காலிகளிலுமே மக்கள் மலையேறினர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வத்தலக்குண்டு வழியான லாஸ் காட் சாலை அமைந்த பிறகே மோட்டார் வண்டிகள் மேலே வந்தன. எனினும் பிரதான சாலைக்கு அப்பால் மண்பாதைகளே மிகுதி. இரண்டாம் உலகப் போருக்காக உருவான வில்லிஸ் ஜீப்பை, மகிந்திரா நிறுவனம் 1947 முதல் இந்தியாவில் பாகங்களை இணைத்துத் தயாரிக்கத் தொடங்கியது. இத்தகைய பாதைகளுக்கு அது பொருத்தமாக இருந்தது.

கால் துள்ளும் சிக்கல்

பழைய ஜீப்பில் மிதியை கார்புரேட்டருடன் இரும்புக் கம்பிகள் இணைத்தன. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது ஓட்டுநரின் காலும் துள்ளி மிதியை அழுத்தும். வண்டி முன்னே பாயும். அந்தப் பாய்ச்சலில் கால் மீண்டும் அழுத்தும். இதைத் தவிர்க்கப் பாதத்தின் பக்கவாட்டை அசையாத ஓரிடத்தில் ஊன்றிக்கொள்வதும், கையால் இழுத்து நிறுத்தும் ஆக்சிலேட்டரைப் பயன்படுத்துவதும் வழக்கம். மிதியின் ஸ்பிரிங்கை மாற்றுவோரும் உண்டு. ஸ்பிரிங் கடினமானால் கால் வலிக்கும். தளர்ந்தால் மிதி முழுமையாகத் திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் அது உயிருக்கே ஆபத்து.

உயரத்தின் விளைவு

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே டர்போ இல்லாத இயந்திரத்தின் திறனும் குறையும். சமவெளியில் பழகிய அளவுக்கு மிதித்தால் வண்டி ஏறாது. இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும்.

மின்னணு மிதி

2010 இல் வெளிவந்த தார் வண்டியின் காமன் ரெயில் டீசல் இயந்திரத்தில், மிதியின் நிலையை உணரி அளக்கிறது. எவ்வளவு எரிபொருள் செலுத்துவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. இந்த உணரிக்கும் கணினிக்கும் இடையில் பொருத்தும் சிறு பெட்டிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அவை சமிக்ஞையை மட்டுமே மாற்றுகின்றன. இயந்திரத்தின் உச்சத் திறனைக் கூட்டுவதில்லை. சிறிது மிதித்தாலே பாயும்படி அமைத்தால் தார்ச்சாலையில் சுறுசுறுப்பாகத் தோன்றும். மண்பாதையிலோ கால் துள்ளும் பழைய சிக்கல் கூடுதலாகும். மேடுபள்ளங்களில் மெதுவாக ஊர்ந்து ஏற, மிதியின் மென்மையான அமைப்பும் குறைந்த கியருமே ஏற்றவை.