ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பேட்டைகள்

மெஜஸ்டிக்கிலிருந்து காடுகோடி போகும் 335ஈ பேருந்தில் ஏறி ‘ஐடிபிஎல்’ என்றால் போதும், கண்டக்டர் வேறெதுவும் கேட்கமாட்டார். இன்டர்நேஷனல் டெக் பார்க் என்பது பலகையில் இருக்கும் பெயர். வைட்ஃபீல்டில் அந்தப் பெயரைச் சொல்பவர்கள் புதிதாக வந்தவர்கள் என்று அர்த்தம். இந்த ஐடிபிஎல்லுக்குச் சீனாவில் ஓர் உடன்பிறப்பு உண்டு என்பது உள்ளே பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்களில் பலருக்கே தெரியாது. எங்கள் கம்பெனிக்கு அங்கே ஒரு தொழிற்சாலை இருந்ததால் எனக்குத் தெரிந்தது.

1994 ஜனவரியில் குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக டெல்லி வந்தவர் சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் டோங். அந்த மாதமே ஐடிபிஎல்லுக்கான கூட்டு நிறுவனம் உருவாகிவிட்டது. சிங்கப்பூர் நிறுவனங்களின் கூட்டுக்கு 40 சதவீதம், டாடாவுக்கு 40, கர்நாடக அரசுக்கு 20. அடுத்த மாதம், பிப்ரவரி 26 அன்று, சீனத் துணைப் பிரதமர் லி லான்சிங்கும் சிங்கப்பூரின் மூத்த அமைச்சர் லீ குவான் யூவும், நான் சொன்ன அந்த உடன்பிறப்பான சுஜோ தொழிற்பூங்காவுக்குக் கையெழுத்திட்டார்கள். சிங்கப்பூரில் நிலம் தீர்ந்துகொண்டிருந்தது, கூலி ஏறிக்கொண்டிருந்தது. வெளியே கால் ஊன்ற இடம் தேடிய காலம் அது. இந்தப் பக்கம் நரசிம்ம ராவ் 1991-இல் கதவைத் திறந்திருந்தார். அந்தப் பக்கம் டெங் சியாவ்பிங் 1992-இல் தென் சீனாவைச் சுற்றிவந்து, சிங்கப்பூரின் ஒழுங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்.

பலர் மறந்துவிட்ட ஒன்று: அப்போது இந்தியாவும் சீனாவும் ஏறக்குறைய ஒரே அளவு ஏழைகள். உலக வங்கியின் டாலர் கணக்கில் 1990-இல் இந்தியாவின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி சீனாவைவிடக் கொஞ்சம் அதிகம்கூட. 2023-இல் அவர்களுக்கு 12,000 டாலருக்கு மேல், நமக்கு 2,500 டாலர் அளவில். இந்த ஐந்து மடங்கு எப்படி வந்தது என்று பொருளாதாரம் படித்தவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. நான் வரைபடம் போடுகிறவன். ஓர் இடத்தைப் பார்த்தால் எவ்வளவு பரப்பு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்றுதான் முதலில் கண் போகும்.

பரப்பில் தொடங்கலாம். ஐடிபிஎல் 69 ஏக்கர். சுஜோவில் சிங்கப்பூரோடு சேர்ந்து திட்டமிட்ட பகுதி மட்டும் 70 சதுர கிலோமீட்டர், அதாவது 17,000 ஏக்கருக்கு மேல். நாம் சில கட்டடங்களுக்கு ஒப்பந்தம் போட்டோம், அவர்கள் ஒரு நகரத்துக்குப் போட்டார்கள். சுஜோ அதிகாரிகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பி நிலப் பயன்பாடு, கட்டட விதி, கழிவுநீர் நிர்வாகம் எல்லாம் கற்றுவரச் செய்தார்கள். முதலில் வயல்களை மண் கொட்டி மேடாக்கினார்கள். பிறகு சாலை, மின்சாரம், குடிநீர், எரிவாயு, மழைநீர்க் கால்வாய், கழிவுநீர்க் குழாய், தொலைபேசி. இவை எல்லாம் பூமிக்குள் போன பிறகுதான் தொழிற்சாலைக்கு மனை. சாம்சங்கின் சிப் ஆலை முதலில் வந்தவற்றுள் ஒன்று.

இங்கே 1994 செப்டம்பரில் வேலை தொடங்கியது. டிஸ்கவரர், இன்னொவேட்டர், கிரியேட்டர் என்று மூன்று கட்டடங்கள் முதலில் எழுந்தன. சொந்த மின் நிலையம். பெங்களூரில் அன்றாடம் கரண்ட் போன காலத்தில் அந்த 69 ஏக்கருக்குள் விளக்கு அணையாது. வாடகைக்கு வருபவர் கம்ப்யூட்டரை மட்டும் கொண்டுவந்தால் அன்றே வேலையைத் தொடங்கலாம். 2000-இல் கோ சோக் டோங்கே வந்து முறைப்படி திறந்துவைத்தார். மதிலுக்கு உள்ளே எல்லாம் சிங்கப்பூர். கேட்டைத் தாண்டினால் ஹோப் ஃபார்ம் பக்கமும் குந்தலஹள்ளிப் பக்கமும் இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகவேண்டிய சாலை, இரண்டு பக்கமும் தோப்பு, நடுவில் மாடு.

சுற்றி மதில் போட்டு உள்ளே தனி உலகம் நடத்துவது வைட்ஃபீல்டுக்குப் புதிதல்ல. அந்த ஊரே அப்படித்தான் பிறந்தது. மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 1882-இல் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு, வைட்ஃபீல்டும் சாஸ்மண்டும் சேர்த்து, 3,900 ஏக்கர் கொடுத்தார். அதற்காக உழைத்த டேவிட் ஒயிட் மதராஸில் சங்கம் வைத்து நடத்தியவர். ஊரின் பெயரும் அவருடையதே. ரயில்வேயிலும் தந்தியிலும் வேலைகள் குறைந்துவந்த தன் மக்கள் விவசாயம் செய்து சொந்தக் காலில் நிற்கட்டும் என்பது அவர் எண்ணம். வட்டமாகத் தெரு போட்டு, நடுவில் திடல் விட்டு வீடு கட்டினார்கள். உள்வட்டம், வெளிவட்டம் என்ற பெயர்கள் இன்னும் இருக்கின்றன. விவசாயம் பெரிதாக எடுபடவில்லை. பென்ஷன்காரர்கள் ரோஜாத் தோட்டம் வைத்து நிம்மதியாக வாழும் ஊரானது. வேவர்லி இன் என்ற விடுதியில் சர்ச்சில் வந்து விடுதிக்காரர் மகளை விரும்பினார் என்று ஒரு கதையும் சுற்றும். பெங்களூரில் அந்த மனிதர் கால் வைக்காத இடமே இல்லை போலிருக்கிறது.

எனக்கு இந்த மதில் விவகாரம் பழகியதற்கு இன்னொரு காரணம், நான் கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) பையன். எங்கள் ஊரில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுக்க, மைசூர் அரசு 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது. பெங்களூருக்கு வந்தது 1905-இல். ராஜதானிக்கு முன்பாகச் சுரங்கத்துக்கு வெளிச்சம். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் இறங்கிய எங்கள் தாத்தாக்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு அது வந்துசேர அதிக காலம் பிடித்தது. கம்பெனி உள்ளே ஒரு நாடு நடத்தும், வெளியே ஊர் தன் பாட்டைப் பார்க்கும். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கேஜில் இறங்கி ஏறியவர். ஐடிபிஎல்லில் எனக்கு வேலை கிடைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி சம்பளம் அல்ல. “அங்க க்வார்ட்டர்ஸ் தராங்களாப்பா?” என்றார். “இல்லப்பா” என்றேன். “அப்ப கம்பெனின்னு ஏன் சொல்றாங்க” என்று முனகினார்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஐடிபிஎல் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தங்கவயல் தமிழர்களுக்கு மீதமிருந்தது மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயில். கோரமண்டல், பங்காருபேட்டை, மாலூர் வழியாக வைட்ஃபீல்ட். விடியலுக்கு முன்னால் கிளம்பி, கட்டிய சாப்பாட்டோடு, நெரிசலில் நின்றே வந்து, செக்யூரிட்டியாக, ஹவுஸ்கீப்பிங்காக, எலக்ட்ரீஷியனாக, சிலர் என்னைப் போல மேஜைக்குப் பின்னால், இரவு அதே வண்டியில் திரும்புகிறார்கள். இன்றும் ஆயிரக்கணக்கில். சுமார் 60 கிலோமீட்டர் தூரம், வண்டி நன்றாக ஓடினாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

ஷாங்காயிலிருந்து சுஜோ 80 கிலோமீட்டர் சொச்சம். 2010 ஜூலையில் நான்ஜிங் வரை அதிவேக ரயில் விட்ட பிறகு அது அரை மணிப் பயணம். முதன்முறை ஏறியபோது பையை மேலே வைத்து, தண்ணீர் குடித்து, சன்னலோரம் நிமிர்வதற்குள் இறங்கு என்றார்கள். இதைச் சொன்னால் மாரிகுப்பம் வண்டியில் யாரும் நம்புவதில்லை. நம்பினாலும், “அங்க டிக்கெட் எவ்ளோ?” என்று கேட்டு என்னை மடக்கிவிடுவார்கள். சரியான கேள்விதான். எங்கள் சீசன் டிக்கெட் விலைக்கு அங்கே ஒரு தடவைகூடப் போய்வர முடியாது.

மெட்ரோ விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெங்களூரின் முதல் மெட்ரோ 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளி வரை வந்தது. சுஜோவின் முதல் தடம், தொழிற்பூங்காவுக்குள்ளேயே போகும் தடம், 2012 ஏப்ரலில்தான் ஓடியது. அவர்களை முந்தியவர்கள் நாம். ஆனால் பையப்பனஹள்ளியிலிருந்து வைட்ஃபீல்ட் வரை பதினைந்து கிலோமீட்டர் சொச்சம் நீட்டிக்க நமக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. 2023 மார்ச்சில் திறந்தபோதும் கே.ஆர். புரத்துக்கும் பையப்பனஹள்ளிக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் விட்டுப்போயிருந்தது, மக்கள் இறங்கிப் பேருந்து பிடித்து மறுபடி ஏறினார்கள். அக்டோபரில் அது இணைந்தது. அந்த வருடம் ஜூனில் சுஜோ மெட்ரோ ஷாங்காய் மெட்ரோவோடு கைகோத்துவிட்டது.

இவ்வளவு சொன்னதும் சீனப் பாட்டு பாடுகிறான் என்று நினைப்பீர்கள். சுஜோ ஒப்பந்தம் அவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. பழைய நகரத்தின் மேற்கே சுஜோ மாநகராட்சிக்கென்றே இன்னொரு தொழிற்பேட்டை இருந்தது. பெய்ஜிங் கையெழுத்துப் போட்டுவிட்டது, உள்ளூர் அதிகாரிகளோ தங்கள் சொந்தப் பேட்டைக்கு ஆள் பிடித்தார்கள், மனை விலையையும் குறைத்தார்கள். லீ குவான் யூ பகிரங்கமாகவே குறைப்பட்டார். நஷ்டம் ஏற ஏற, 1999-இல் பேசி முடித்து, 2001 தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் பங்கை 65 சதவீதத்திலிருந்து 35 ஆக்கிக்கொண்டது. மீதி 65 சீனத் தரப்புக்கு. பெரும்பங்கு தன் கைக்கு வந்ததும் அதே மாநகராட்சி அதே பூங்காவை ஓஹோவென்று நடத்தியது, லாபமும் வந்தது. இங்கே அப்படிச் சண்டையே வரவில்லை. டாடா பிற்பாடு விலகியது, ஐடிபிஎல் இன்று சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு பிசினஸ் டிரஸ்டின் சொத்து, மாநில அரசின் பங்கு சிறிதாகிவிட்டது. சண்டை வராததற்குக் காரணம், மதிலுக்கு வெளியே என்ன நடக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் யாரும் யாரையும் கேட்டிருக்கவில்லை. வைட்ஃபீல்ட் பெங்களூர் மாநகராட்சிக்குள் சேர்ந்ததே 2007-இல். அதற்குள் ஏரிக்கரையில் சைட் பிரித்து விற்றாகிவிட்டது.

விளைவைத் தண்ணீரில் பார்க்கலாம். சுஜோ பூங்காவின் நடுவே ஜின்ஜி ஏரி, மாலையில் குடும்பத்தோடு நடக்கிறார்கள். நம் பக்கம் வர்த்தூர் ஏரி 2015-இல் நுரைத்துச் சாலைக்கு ஏறியது. அதற்கு மேலே இருக்கும் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தே எரிந்தது. 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலையிலும் ஏமலூரிலும் ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். 2024 கோடையில் தண்ணி லாரிக்குக் காத்திருந்தோம். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்தது அந்த வருடம் அக்டோபரில்.

ஆனால் சுஜோவில் நான் கேட்காத ஒன்று உண்டு, புகார். எங்கள் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்த பெண் ஆன்ஹுய் மாகாணத்துக் கிராமத்துக்காரி. அவள் குழந்தை ஊரில் பாட்டியிடம் வளர்ந்தது. பிறந்த ஊரோடு கட்டிப்போடும் ‘ஹுகோவ்’ என்ற குடிப்பதிவு அவர்களுக்கு உண்டு. அது இல்லாத ஊரில் வேலை செய்யலாம், பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. அந்த அதிவேக ரயிலில் அவளுக்கு வருடத்தில் ஒரே பயணம், வசந்தப் பண்டிகைக்கு. எங்கள் மாரிகுப்பம் வண்டிக்காரர்கள் பிதுங்கித்தான் வருகிறார்கள், ஆனால் இரவு தன் வீட்டில் சாப்பிடுகிறார்கள், வாக்காளர் அட்டையும் ரேஷன் அட்டையும் அந்த வீட்டு முகவரியிலேயே இருக்கின்றன.

அதே பூங்காவில் தொடுதிரை செய்யும் விண்டெக் தொழிற்சாலை இருந்தது. அங்கே திரையைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதில் என்-ஹெக்சேன் கொடுத்தார்கள், சீக்கிரம் காயும் என்று. அந்த ஆவி நரம்பைத் தாக்கும். 137 பேருக்குக் கை கால் மரத்துப்போனது. 2010 ஜனவரியில் ஆட்கள் திரண்டு வேலையை நிறுத்திய பிறகு வெளியே தெரிந்தது. ஆப்பிள் கம்பெனி தன் அறிக்கையில் அதை 2011-இல் ஒப்புக்கொண்டது. நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டு வரிசை நீளமாக இருக்கிறது, சீக்கிரம் போவோம் என்றாள். வைட்ஃபீல்டில் குழி விழுந்த சாலைக்கு மனிதச் சங்கிலி நின்றிருக்கிறோம், ஏரிக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போயிருக்கிறது, எம்.எல்.ஏ.வை மேடையிலேயே மடக்கியிருக்கிறார்கள். சாலை உடனே வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள்.

2020-இல் நேரடி விமானமும் நின்றது, என் பயணமும் நின்றது. இப்போது ஊர்ப் பக்கம் வேறு பேச்சு. சென்னை விரைவுச் சாலை ஓசக்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை போட்டாகிவிட்டது. கே.ஜி.எஃப்.பில் பெமல் நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற்ற நிலத்தில் தொழிற்பேட்டை கொண்டுவர மாநில அரசு திட்டம் வைத்திருக்கிறது. அக்கா மகன் பங்காருபேட்டை ரோட்டில் சைட் பார்த்துவைத்து, “மாமா, வாங்கலாமா?” என்று போனில் கேட்டான். லே-அவுட் பிளானை அனுப்பச் சொன்னேன். மனை எண், சாலை அகலம், பார்க், கோயிலுக்கு விட்ட இடம் எல்லாம் கலர் கலராக இருந்தன. கழிவுநீர் எந்தப் பக்கம் போகும் என்று எங்கும் கோடு இல்லை. புரோக்கரிடம் கேட்டு எழுதி வாங்கிவா, பிறகு அட்வான்ஸ் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.