தஞ்சைப் படைக்கலங்கள் போன வழி

தஞ்சை அரண்மனையில் பெருஞ்செல்வங்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஏடு, மற்றொன்று எஃகு. ஏட்டுச் செல்வத்தைத் தமிழுலகம் நன்கறியும். சரசுவதி மகால் நூல்நிலையம் என்னும் பெயரோடு அஃது இன்றும் அவ்வரண்மனையிலேயே உள்ளது. எஃகுச் செல்வமோ சென்னை, இலண்டன், நியூயார்க் எனத் திசைதோறும் சிதறிக் கிடக்கின்றது. ஒரே மனையில் ஒரே அரச மரபின் காவலில் இருந்த இரண்டனுள் ஒன்று நிலைக்க, மற்றொன்று கலைந்தமை எவ்வாறு என்பதைச் சிறிது நோக்குவோம்.

1532 முதல் 1673 வரை தஞ்சையை ஆண்டவர் நாயக்கர். அவர்க்குப்பின் மராட்டியர் வந்தனர். அரண்மனையோடு அதன் படைக்கலச் சாலையும் அவர்கள் கைக்கு மாறிற்று. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்புவித்தார். போர் தொடுக்கும் உரிமையற்ற அரசனுக்கு வாள் எதற்கு? ஊர்வலத்திற்கும் பூசைக்கும் வேண்டிய சில போக, ஏனையவை குவியல் குவியலாகத் துருவேறின.

1855-இல் இரண்டாம் சிவாசி மன்னர் ஆண்மகவின்றி இறந்தார். கும்பினி அரசு நாட்டோடு அரண்மனைப் பொருளையும் கைப்பற்றியது. அரசமாதேவியருள் ஒருவரான காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். அது கடல் கடந்து பிரிவி கவுன்சில் வரை சென்றது. இஃது அரசு தன் இறையாண்மையால் செய்த செயல், நீதிமன்றம் இதனை வினவ இயலாது என்று 1859-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் 1862-இல் தனியுடைமைகள் தேவியருக்கே திருப்பி வழங்கப்பெற்றன. நகையையும் நிலத்தையும் திருப்பித் தரலாம்; படைக்கலத்தை? 1857-இன் நினைவு ஆறாத ஆட்சியாளர் அதற்கு மனங்கொள்ளார் என்று கருதுவதில் பிழையிராது. 1860-களில் தஞ்சைப் படைக்கலச் சாலை கலைக்கப்பட்டது. சிறந்தவை எனக் கண்டவற்றைச் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு ஒதுக்கினர். எஞ்சியவற்றுட் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பின் விலைக்குப் போயிற்று. இச்செய்தியை நமக்கு விட்டுச் சென்றவர், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த வால்ஹவுஸ் என்பார். 'இந்தியன் ஆண்டிகுவரி' என்னும் ஆய்விதழில் 1878-இல் அவர் தஞ்சையின் பழைய படைக்கலச் சாலையைப் பற்றி எழுதினார். இந்தியர் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்த ஆயுதச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான்!

உடைபட்டவற்றின் அருமையை, தப்பியவற்றைக் கொண்டே உணரவேண்டும். தஞ்சைக் கட்டாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிற குறுவாள்களைப் போல் இதற்கு நீண்ட கைப்பிடி இல்லை. இணையான இரு கம்பிகளுக்கு நடுவே குறுக்குப்பிடி அமைந்திருக்கும். அதனைப் பற்றி முட்டியை மடக்கினால், அலகு முன்கையின் நீட்சிபோல நேரே நிற்கும். வெட்டுதற்கன்று, குத்துதற்கென்றே அமைந்த கருவி இது. இதுவரை வடநாட்டுக் கட்டாரிக்கும் பொது. தஞ்சைக்கே சிறப்பானது புறங்கையை மூடி வளையும் கவசத் தகடு. இலைபோல் விரிந்தும், நாகப்படம்போல் குவிந்தும், ஊடறுத்த பூவேலையோடும் அது திகழும். யாளி முகங்கள் விளிம்பில் வாய் பிளந்து நிற்கும். கோயில் தூணில் கல்லில் கண்ட அவ்யாளியை எஃகில் செதுக்கிய கொல்லர் எவரோ, அவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அரண்மனை அங்குசங்களிலும் இவ்வேலைப்பாடே காணப்படும். யானையை அடக்கும் கருவிக்கு இத்தனை அழகா என்று வியப்புத் தோன்றும்.

இக்கட்டாரிகள் பலவற்றின் அலகு நம் நாட்டினதன்று என்பது இன்னும் வியப்பு. ஐரோப்பியக் கப்பல்கள் கொணர்ந்த நீண்ட நேர்வாள்களைக் குறைத்து, இரு தகடுகளுக்கிடையே செருகி ஆணியறைந்திருக்கின்றனர். அத்தகைய அலகுடைய வாளை வடக்கே 'பிரங்கி' என்றே அழைத்தனர். எஃகுக்குப் புகழ்பெற்ற நாடு அயலார் அலகை ஏன் நாடியது? ஒடியாது வளையும் நீண்ட அலகுகள் ஆயத்தமாகக் கிடைத்தமையே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புகழும் வெறும் கதையன்று. இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் இட்டு, மண்மூசையை மூடி உலையில் வைத்து நம் உலைக்களத்தார் உருக்கினர். அவ்வெஃகே ஆங்கிலத்தில் 'ஊட்ஸ்' எனப்பட்டது. கன்னடத்து 'உக்கு', தமிழ் 'உருக்கு' என்பவற்றோடு அச்சொல்லை இணைப்பர். 1795-இல் பியர்சன் என்பார் இலண்டன் அரச கழகத்தில் அதனைப் பற்றிய ஆய்வை அளித்தார். பின்னர் மின்னியலில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, அதற்குமுன் கத்தி செய்வோரான ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இவ்வெஃகின் மருமத்தை அறியப் பல நாள் உழைத்தார். தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் இத்தொழிலின் மூசைச் சிதைவுகள் 1990-களில் ஆராயப்பட்டன.

இனி, திரட்டியவர்களைப் பற்றிச் சில சொல்லவேண்டும். இலண்டன் இந்திய அருங்காட்சியகத்துப் படைக்கலங்களுக்கு 1880-இல் விளக்கக் கைந்நூல் வெளியிட்டவர் எகர்ட்டன் பிரபு. தாமும் பெரிய திரட்டாளர். அவர் சேர்த்தவை மான்செஸ்டர் நகரில் உள்ளன. அமெரிக்கரான ஸ்டோன் 1935-இல் இறந்தபோது தம் திரட்டு முழுவதையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திற்கு எழுதிவைத்தார். புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. என். பந்த், 'அயினி அக்பரி'யில் 'ஜம்தர்' எனப்படும் கருவிக்குக் 'கட்டார்' என்ற பெயரை ஏற்றிவிட்ட குழப்பம் எகர்ட்டன் நூலால் நேர்ந்தது என்பார். வடநாட்டளவில் அது பொருந்தலாம். ஆனால் குத்துவாளுக்குக் கட்டாரி என்ற பெயர் தமிழில் இயல்பாக வழங்குவது. ஆதலின் முழுப்பழியையும் எகர்ட்டன் தலைமேல் சுமத்த யான் உடன்படேன்.

பெயரினும் பெரிய இழப்பு வரலாறு. பிகானீர் அரண்மனைப் படைக்கலங்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகாராசா அனூப்சிங் ஆதோனியில் கைப்பற்றிய படைக்கலங்களின்மேல், அச்செய்தி தேவநாகரியில் புள்ளிபுள்ளியாகப் பொறிக்கப்பட்டது. அவை இன்று எந்நாட்டு அங்காடிக்குச் சென்றாலும் தம் ஊரைத் தாமே சொல்லும். தஞ்சைக் கட்டாரிக்கோ வாயில்லை. யாளியின் சாயலைக் கொண்டே, 'தஞ்சாவூர், 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டு' என்று குறிப்பு எழுதுகின்றனர். எந்தப் போரில், எவர் கையில் இருந்தது என்பதற்குச் சான்றில்லை. எகர்ட்டன் நூல் வெளிவந்த அதே 1880-இல்தான் தஞ்சை நீதிபதியாயிருந்த பர்னெல், அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு வகைப்படுத்திய அட்டவணை தந்தார். எண்ணும் பெயரும் பெற்ற ஏடுகள் 1918-இல் பொதுவுடைமையாயின. எஃகை எடையிட்டவர் உண்டு, எண்ணிட்டவர் இலர்.

பொறிப்பு ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பதை 2025-இல் கண்டோம். நாகபுரி போன்ஸ்லே அரசை நிறுவிய முதலாம் ரகுசியின் வாள் இலண்டனில் ஏலத்திற்கு வந்தது. அதன் அலகும் ஐரோப்பியப் பிரங்கியே. ஆயின் அலகின் முதுகில் அவர் பெயர் தேவநாகரியில் இருந்தது. மகாராட்டிர அரசு அதனை வாங்கி மும்பைக்குக் கொணர்ந்தது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்லாமல் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கின்றது. முன்னரே போனவற்றை மீட்க விலைகொடுத்தல் அன்றி வழி அரிது.

நம் வீடுகள் சிலவற்றில் பாட்டனார் வாளோ பிச்சுவாவோ இன்னும் இருக்கக்கூடும். ஆயுதபூசைக்கு முதல்நாள் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளிபோல் ஆக்குவது பலர் வழக்கம். பழைய உருக்கின் நீரோட்டம்போன்ற வரியை, அன்னபேதிக் கரைசல் தடவி வெளிக்கொணர்வர் அறிந்தோர். உப்புத்தாளோ அதனை ஒரு பொழுதில் அழித்துவிடும். தோலுறை ஈரத்தை உள்வாங்கும். மழைக்காலத்தில் வாளை அதனுள் விடலாகாது. வடநாட்டு வாட்களின் பிடி அரக்கால் பொருத்தப்பட்டிருக்கும். சூடேறினால் அரக்கு இளகிப் பிடி கழன்றுவிடும். வணிகர் ஓர் அலகிற்கு வேறொரு பிடியை மாட்டி விற்பதற்கும் இதுவே வழி. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று போதும். உடன், இது யார் வைத்திருந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி உறையோடு கட்டிவைக்கலாம்.