உறவா, ஒப்பந்தமா?

மனிதர்களைச் சமூகமாகப் பிணைப்பது எது? குல ஒற்றுமையுணர்வு என்றார் 14ஆம் நூற்றாண்டின் அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூன். ஒருவருக்கொருவர் அஞ்சிச் செய்த ஒப்பந்தம் என்றார் 1651இல் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ். திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தின் வரலாறு, இரண்டுமே பாதி உண்மைகள் என்று காட்டுகிறது. கொங்கு வேளாண் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பலர், உறவினரோடு பங்கு சேர்ந்து முதலாளிகளானார்கள். நிட்டிங், சாயம், தையல், செக்கிங் என வேலை பல ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் சிதறிக் கிடந்தது. ஒருவர் கெடு தவறினால் மற்றவர் வேலையும் நின்றது. அங்கே வாய்ச்சொல்லுக்கும் கடனுக்கும் உறவே பிணையாக நின்றது.

அப்படியானால் உறவே போதுமே என்று கேட்கலாம். போதவில்லை. உறவு வட்டத்துக்கு வெளியே நின்ற தொழிலாளர்கள், 1984இல் பஞ்சப்படிக்காக நீண்ட வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டபோது, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலத்தை எந்தப் பங்காளி உறவும் காக்கவில்லை. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட வேண்டி வந்தது. அப்படியென்றால் சட்டம்தானே சமூகத்தின் அடித்தளம் என்பதும் பொருந்தாது. சட்டம் வந்தபோது, அது ஒழுங்குபடுத்துவதற்கு ஒரு கூட்டு வாழ்வு ஏற்கெனவே இருந்தது. ஆக, தேவை மனிதர்களைச் சேர்க்கிறது. உறவு அவர்களை நம்பவைக்கிறது. அந்த உறவால் விடுபட்டவர்கள் எழுப்பும் உரிமைக்குரலே கூட்டத்தைச் சமூகமாக்குகிறது. வடமாநிலத் தொழிலாளர்கள் பெருகியுள்ள இன்றைய திருப்பூருக்கும் இதுவே அளவுகோல்.