வேறு வாயில்

1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'டு ஹெல் வித் த டெவில்' என்றோர் இசைத்தட்டு வெளியாயிற்று. 'சாத்தான் நரகத்துக்கே தொலையட்டும்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பாடியவர்கள் கலிஃபோர்னியாவின் 'ஸ்ட்ரைப்பர்' குழுவினர். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட இறுக்கமான உடை, தோளில் புரளும் முடி, செவியைத் துளைக்கும் மின்கிடார். தோற்றத்தில் அக்காலத்து ஹார்ட் ராக் குழு எதிலிருந்தும் அவர்களைப் பிரித்தறிய இயலாது. ஆனால் மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கி அவர்கள் வீசியவை புதிய ஏற்பாட்டுப் பிரதிகள். குழுவின் இலச்சினையில் ஏசாயா 53:5 என்ற வசன எண் இருந்தது. அந்த இசைத்தட்டு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இது திடீரென்று முளைத்த விந்தை அன்று. 1969இல் லாரி நார்மன் வெளியிட்ட 'அப்பான் திஸ் ராக்' இசைத்தட்டைக் கிறிஸ்தவ ராக் இசையின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவர். 1972இல் 'பெட்ரா' குழு தோன்றியது. பெட்ரா என்றால் கிரேக்கத்தில் பாறை. பேதுருவின் பெயரும் ராக் என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரே பொருளில் வந்து நிற்கும் சிலேடை அது. 1978இல் சிகாகோவின் 'ரெசரெக்ஷன் பேண்ட்' தன் 'அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை' இசைத்தட்டைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் சுவீடனின் 'ஜெருசலேம்' குழுவும் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. பெட்ராவின் 'நாட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' (1983), 'பியாண்ட் பிலீஃப்' (1990) ஆகியவை இவ்வகையின் முதிர்ந்த வடிவங்கள். கிடாரின் கரகரப்பும் முரசின் வேகமும் வன்மையானவை. அவற்றின்மேல் எவரும் கூடச் சேர்ந்து பாடத்தக்க இனிய மெட்டு ஓடும். பல்லவி வரும்போது பல குரல்கள் சுருதி பிரித்துச் சேர்ந்திசைக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேர்ந்திசை புதியதன்று.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. புகழ்பெற்ற தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட், மதம் சார்ந்த ராக் இசை ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்று 1987இல் ஒரு நூலே எழுதினார். இவருடைய நெருங்கிய உறவினர், அத்தை மக்கள் மாமன் மக்கள் என்று சொல்லத்தக்க முறையினர், ஜெர்ரி லீ லூயிஸ். ராக் அண்ட் ரோல் இசையைத் தோற்றுவித்த முதல்வரிசைக் கலைஞர்களுள் ஒருவர். இருவரும் லூயிசியானா மாநிலத்தின் ஃபெரிடே என்ற சிற்றூரில் வளர்ந்தவர்கள். ஒரே பெந்தெகொஸ்தே மரபில் பாடக் கற்றவர்கள். ஒருவர் அந்த இசையை வீதிக்குக் கொண்டுபோனார். மற்றவர் அது திரும்பி வந்தபோது கதவைச் சாத்த முயன்றார்.

சற்று முன்னே போனால் கதை இன்னும் தெளிவாகும். ஆர்க்கன்சா மாநிலத்தில் 1915இல் பிறந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப் ஒரு கறுப்பினப் பெண்மணி. கறுப்பர்களின் பெந்தெகொஸ்தே சபையில் கிடார் மீட்டிப் பாடி வளர்ந்தவர். 1944இல் அவர் பதிவுசெய்த தெய்வப் பாடலை ராக் அண்ட் ரோலின் முன்னோடிப் பதிவுகளுள் ஒன்றாக இசை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அப்படியானால், 'சாத்தானின் இசை' என்று பின்னாளில் பழிக்கப்பட்டது தேவாலயத்திலேயே பிறந்திருக்கிறது. ஏழைக் கறுப்பர்களின் தேவாலயத்தில். 1956இல் அலபாமாவில் நிறப்பாகுபாட்டை ஆதரித்த வெள்ளையர் அமைப்பினர் ராக் அண்ட் ரோலைக் கறுப்பர் இசை என்று வெளிப்படையாகச் சொல்லியே எதிர்த்தனர். பிற்காலப் போதகர்கள் பலர் அதே அச்சத்தைத் தாளத்தின் மேல் ஏற்றிச் சொன்னார்கள். காட்டு முரசு என்றார்கள், உடலைக் கிளர்த்தும் அடி என்றார்கள்.

எண்பதுகளில் அந்தத் தாளம் கிறிஸ்தவ இசைத்தட்டுகளுக்குள் வெற்றியுடன் நுழைந்தது. ஆனால் மேடையில் நின்றவர்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர்கள். ரோசெட்டா தார்ப் 1973இல் இறந்துபோனார். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2018இல்தான். மெட்டு உள்ளே வந்துவிட்டது. மெட்டுக்கு உரியவர் வெளியே நின்றார்.

ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களுக்கு அருகே சேத்துப்பட்டில் இருந்துகொண்டு, தமிழ் கற்பிக்கும் ஒருவன் கலிஃபோர்னியாவின் கிடார் குழுவைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் ஊரின் அடையாளமே வானுயர்ந்த லூர்து அன்னை ஆலயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தாது வருடப் பஞ்சத்தின் காலத்தை ஒட்டி, பிரெஞ்சு நாட்டுக் குருவான தராஸ் அடிகளாரின் பணியால் இப்பகுதியில் திருச்சபை வேர்விட்டது. அதில் சேர்ந்தவர்களுள் ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. ஆகவே எந்த இசை உள்ளே வரலாம், எது கூடாது என்ற கேள்வி இங்கே அமெரிக்கச் செய்தி அன்று. அதற்கு விடை தேட நாம் கிறிஸ்தவத்துக்கும் முன்னால் செல்ல வேண்டும்.

மாணிக்கவாசகர் செய்ததை நினைத்துப் பாருங்கள். பெண்கள் கூடி விளையாடும் அம்மானை, சாழல், தெள்ளேணம், பூவல்லி, ஊசல் ஆகிய வடிவங்களை அப்படியே எடுத்துத் திருவாசகத்துக்குள் வைத்தார். உலகியல் மெட்டு தெய்வப் பாடலானது நம் மரபில் மிகப் பழைய செய்தி. அதைவிடக் கூர்மையான கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. எருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர். மதுரை ஆலவாயில் கோயில் வாயிலில் நின்றே யாழ் இசைக்கிறார். இறைவன் அடியார்களின் கனவில் ஆணையிட, அவரை உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். யாழ் ஈரத்தில் படக்கூடாது என்று பொற்பலகையும் இடப்படுகிறது. அடுத்து அவர் திருவாரூர் செல்கிறார். அங்கே இறைவன் அவருக்காக வடதிசையில் வேறு வாயில் வகுத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். அருளின் பெருமையாகவே அதை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஆனால் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இருந்த வாயிலுக்கு என்ன குறை?" என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று. மறைந்துபோன தேவாரப் பண்களை மீட்டுத் தந்தவர் அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் என்று திருமுறைகண்ட புராணம் கூறுவதையும் சேர்த்து எண்ணினால், கேள்வியின் கனம் கூடும்.

இந்த வேறு வாயில் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குள்ளும் வந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர், சரபோஜி மன்னரின் நண்பர். குறவஞ்சி என்ற சிற்றிலக்கியத்தைக் கையிலெடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அவர் தேவமோகினியையும் பெத்லகேம் நாதரையும் அறிமுகம் செய்தார். சிந்து, கும்மி, பதம் என்று வீதியிலும் சபையிலும் வழங்கிய வடிவங்கள் அனைத்தும் அவர் கையில் ஞானப் பாடல்களாயின. அக்காலத்தில் இதுவே ஒரு ராக் இசைத்தட்டுக்கு நிகரான துணிச்சல்.

1829ஆம் ஆண்டளவில் புதிய தலைமுறை மிஷனரிகளோடு அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் பிணக்கு முற்றியது. மிஷனரிகள் இழைத்ததாக அவர் நான்கு கொடுமைகளைப் பட்டியலிட்டார். பழைய தமிழ் வேதமொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. எல்லாச் சாதியினரையும் ஒன்றாக்க முயன்றது இன்னொன்று. திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் மலர்களைத் தடுத்தது மூன்றாவது. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தது நான்காவது.

இந்தப் பட்டியலை நான் பலமுறை படித்திருக்கிறேன். படிக்குந்தோறும் இரண்டு பக்கமும் வலிக்கிறது. தமிழிசைக்காக வாதாடிய பெருங்கவிஞர் அதே மூச்சில் சாதிப் பிரிவினைக்காகவும் வாதாடுகிறார். எல்லாரும் ஒரே பந்தியில் அமர வேண்டும் என்ற மிஷனரிகளோ, அமர்ந்தவர்கள் தங்கள் மெட்டில் பாடக்கூடாது என்கிறார்கள். மெட்டைக் காத்தவரிடம் சமத்துவம் இல்லை. சமத்துவம் பேசியவரிடம் மெட்டு இல்லை. நெசவாளர் மொழியில் சொன்னால், ஒருவரிடம் பாவு இருந்தது, மற்றவரிடம் ஊடை இருந்தது. தறி ஓடவில்லை.

மெட்டின் வழக்கில் சாஸ்திரியாரே வென்றார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். இன்று தமிழ்ச் சபைகளில் கீர்த்தனை இல்லாத வழிபாடு அரிது. சாதியின் வழக்கு அவ்வளவு விரைவில் முடியவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், கால்சட்டை போல இரு கிளையாகப் பிரிந்து, சாதிக்கொரு பக்கமாக மக்களை உட்கார வைத்தது. நடுவிலிருந்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. வேறு வாயில் என்பது இங்கே செங்கல்லும் சுண்ணாம்புமாகவே கட்டப்பட்டிருந்தது.

ஸ்ட்ரைப்பரும் பெட்ராவும் புகழின் உச்சியில் இருந்த அதே ஆண்டுகளில் தமிழகத்தில் ஒலிநாடா பெருகியது. ஆடி மாதத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களும், நாகூர் ஹனீபாவின் குரலும், கிறிஸ்தவப் பாடல்களும் ஒரே தெருவின் ஒலிபெருக்கிகளில் போட்டியிட்டன. கிறிஸ்தவ ஒலிநாடாக்களில் கீபோர்டும் கிடாரும் டிரம்ஸும் புகுந்தன. திரையிசையின் மெல்லிசை நடையும் வந்து சேர்ந்தது. இப்பாடல்களின் சொல்வளம் பற்றித் தமிழாசிரியனுக்குக் குறை உண்டு. தேய்ந்த தொடர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. எனினும் மேற்கத்திய ராக் ஓசைக்குத் தமிழ்ச் சபைகள் பெரிய தடை எழுப்பவில்லை. கிடார் எளிதாக உள்ளே வந்தது. அது எந்தச் சேரியின் கருவியும் அன்று.

பறை அவ்வாறு வர இயலவில்லை. சாவுக்கு அடிக்கும் கருவி, தீட்டுள்ள தோல் என்ற எண்ணம் ஞானஸ்நானத்தில் கரைந்துவிடவில்லை. தம் முன்னோரின் இழிவை நினைவூட்டுகிறது என்று ஒதுக்கியவர்களுள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களும் இருந்தனர். அந்தக் காயம் புரிந்துகொள்ளத்தக்கதே. அமெரிக்கப் போதகர்கள் காட்டு முரசு என்று சொன்னபோது அஞ்சியதும், இங்கே பறையைக் கண்டு ஒதுங்கியதும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இந்த இடத்தில்தான் கை வைத்தார். 'பரட்டை' என்ற பெயரால் அறியப்பட்டவர். கர்நாடகக் கீர்த்தனை மேல்சாதி மரபைச் சுமந்து வருகிறது என்றும், மேற்கத்திய ஞானப்பாட்டு ஆண்டவர்களின் மரபைச் சுமந்து வருகிறது என்றும் அவர் கருதினார். தொண்ணூறுகளில் கிராமிய இசையில் முழு வழிபாட்டு முறையையே அமைத்து ஒலிநாடாவிலும் வெளியிட்டார். தேவரீர் என்ற மொழி போய், வீட்டில் பேசும் தமிழ் வந்தது. எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே திருவிருந்தின் பொருள் என்று அவர் விளக்கினார். நாட்டுப்புறப் பாட்டை அவர் தேர்ந்ததற்குக் காரணம் அழகு மட்டும் அன்று. அதை எவரும் கற்கலாம், தம் தேவைக்கு மாற்றலாம், அதற்கு உடைமையாளர் இல்லை. 1829இன் பட்டியலில் எதிரெதிராக நின்ற தமிழ் மெட்டும் சமபந்தியும் அவருடைய பாடல்களில் ஒன்றாக உட்கார்ந்தன. இடையில் 160 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

அமெரிக்க ராக் குழுக்களிடையே இதற்கு ஓரளவு அருகில் வருவது ரெசரெக்ஷன் பேண்ட். சிகாகோ நகரத்தின் ஏழைப் பகுதியில் பொதுவாழ்வு நடத்திய சமூகம் ஒன்றின் குழு அது. 1979ஆம் ஆண்டின் 'ரெயின்போஸ் எண்ட்' இசைத்தட்டில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்துப் பாடினார்கள். ஸ்ட்ரைப்பர் அளவுக்கு அவர்கள் விற்கவில்லை. அப்பாவுவின் பாடல்களும் பெரும் ஒலிநாடா நிறுவனங்களின் பாடல்களோடு விற்பனையில் போட்டியிட்டவை அல்ல.

சாத்தானுக்கு மட்டும் ஏன் நல்ல மெட்டுகள் என்ற பழைய கேள்வியைக் கிறிஸ்தவ ராக் குழுக்கள் விரும்பிச் சொல்வார்கள். நல்ல கேள்விதான். ஆனால் மெட்டு ஒருபோதும் தனியாக அலைவதில்லை. அதைக் கண்டுபிடித்த கை ஒன்றும் அந்தக் கைக்குரிய தெரு ஒன்றும் இருக்கின்றன. ஒரு வழிபாடு புதிய இசையை ஏற்றுக்கொண்டது என்று யாரேனும் பெருமையாகச் சொன்னால், அது ராக் ஆனாலும் குறவஞ்சி ஆனாலும், அந்த இசைக்குரியவர் எந்த வாயில் வழியாக உள்ளே வந்தார் என்று நாம் கேட்க வேண்டும். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கதையைப் பாடம் நடத்தும் எனக்கு அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியவில்லை.