முதல் பத்து செக்கன் யாருக்குச் சொந்தம்?

கட்டுகஸ்தோட்டையில் பாதை பிரிகிறது. ஏ9 வீதியைப் பிடிச்சா மாத்தளை, தம்புள்ளை, கடைசியில் யாழ்ப்பாணம். ஏ10இல் திரும்பினா குருநாகல், புத்தளம். பெயர்ப்பலகையைப் பார்த்து எந்தப் பக்கம் போறது என்று நாங்களே முடிவெடுக்கிறோம். அந்தப் பலகையை நடுகிற உரிமை புத்தளத்துக்கு பஸ் விடுகிற ஒரு கம்பனியின் கையில் இருந்தால்? யாழ்ப்பாணம் என்ற பெயரையே அவர்கள் எழுதாமல் விட்டால்? பாதை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் புதுசா வாற ஆளுக்கு அப்படி ஒரு பாதை இருப்பதே தெரியாது.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வதன் வரலாறு இந்தப் பலகையைப் பற்றிய சண்டைதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று படிச்சோமே, அதைத்தான் இங்கே இயங்குதளம் என்கிறோம். வின்டோஸ் ஒன்று, லினக்ஸ் இன்னொன்று.

இரண்டையும் ஒரே வன்தட்டில் வைப்பது பெரிய வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பழைய சங்கதி. 1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி என்ற கணினியை வெளியிட்டது. அதில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. இன்றைக்கு ஃபோனில் எடுக்கும் நாலைந்து படங்களுக்கே அது நிரம்பிவிடும். அதோடு வந்த டொஸ் 2.0இல் எஃப்டிஸ்க் என்றொரு கருவி இருந்தது. அதை வைத்துத் தட்டை நான்கு பகுதிகள் வரை பிரிக்கலாம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு இயங்குதளத்தைக் குடியேற்றலாம். தட்டின் முதல் 512 பைட்டில் 64 பைட் அந்த நாலு பகுதிகளின் அட்டவணைக்கு ஒதுக்கப்பட்டது.

ஆனால் ஒரு சிக்கல். ‘இதிலிருந்து தொடங்கு’ என்ற குறியை ஒரு பகுதிக்கு மட்டும்தான் போடலாம். வீட்டைப் பிரிச்சு ரெண்டு குடும்பம் இருக்கலாம், கேற் சாவி மட்டும் ஒருத்தரிடம்!

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது, அவருடைய கணினியில் மினிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம் இருந்தது. ஒருநாள் மொடெமுக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி பழுதாகிப் போனது. திரும்பவும் மினிக்ஸைப் போடுவதா, தன் சொந்த லினக்ஸிலேயே வாழ்வதா என்ற கேள்வி வந்தது. அவர் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தார். உலகத்தின் முதல் லினக்ஸ் பயனரும் இரண்டு தளங்களோடு வாழ்ந்தவர்தான்.

1992இல் லிலோ, 1995இல் கிரப் என்று தொடக்கப் பட்டியலைக் காட்டும் மென்பொருட்கள் வந்தன. கணினியைப் போட்டதும் ‘எதற்குள் போகப்போகிறாய்?’ என்று கேட்டு, சில செக்கன்கள் காத்திருக்கும். கேட்பதற்கு சின்ன விஷயம். ஆனால் வின்டோஸ் 95ஐப் புதிதாக நிறுவினால், தட்டின் தொடக்கத்தில் இருந்த அந்தப் பட்டியலை அது கேட்காமலே அழித்து எழுதிவிடும். லினக்ஸ் உள்ளேயே இருக்கும், வாசல்தான் இருக்காது.

இதைவிட மோசமான கதை பீ நிறுவனத்துடையது. பீஓஎஸ் என்ற நல்ல இயங்குதளம் ஒன்றை அவர்கள் செய்தார்கள். 1990களின் கடைசியில் ஹிட்டாச்சி நிறுவனம் வின்டோஸ் 98ஐயும் பீஓஎஸ்ஸையும் ஒன்றாகப் போட்டு ஒரு கணினியை விற்றது. ஆனால் தொடக்கப் பட்டியலில் பீஓஎஸ் காட்டப்படவில்லை. வாங்கியவர் தனியாகச் சில படிமுறைகளைச் செய்தால்தான் அது வெளியே வரும். கணினி தயாரிப்பாளர்களோடு மைக்ரோசொப்ட் செய்த உரிம ஒப்பந்தங்கள்தான் இதற்குக் காரணம் என்று பீ குற்றம்சாட்டி, 2002இல் வழக்குப் போட்டது. 2003இல் 2 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலரோடு வழக்கு சமரசமானது. மைக்ரோசொப்ட் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குள் பீஓஎஸ்ஸின் காலம் முடிந்துவிட்டது. காசு கிடைத்தது, வாசல் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் வருவோம். கண்டியிலிருந்து தெரியும் ஹந்தானை மலையின் பெயரில் ஓர் இலங்கை லினக்ஸ் உண்டு, தெரியுமா? தனிஷ்க நவின் முன்னின்று, ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ‘ஹந்தான லினக்ஸ்’. பாட்டு, படம் ஓடத் தேவையானவையும் அலுவலக மென்பொருளும் முன்கூட்டியே சேர்த்து 2010களில் வெளிவந்தது. கல்விக்கு ஒரு பதிப்பு, மென்பொருள் எழுதுவோருக்கு ஒன்று, பழைய கணினிகளுக்கு இலேசானது ஒன்று. இன்டர்நெட் மெதுவாகவும் டேட்டா விலையாகவும் இருக்கிற ஊரில், ஒரு டிவிடியில் எல்லாம் வருவது எவ்வளவு பெரிய உதவி!

2012இல் வின்டோஸ் 8 வந்தபோது சண்டை இடம் மாறியது. ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு முறைப்படி, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எதையும் கணினி தொடங்காது. தீய மென்பொருளைத் தடுக்க அது உண்மையில் உதவுகிறது. ஆனால் பெரும்பாலான கணினிகளில் ஏற்கப்படும் கையொப்பம் மைக்ரோசொப்டுடையது. ஆகவே உபுண்டுவும் ஃபெடோராவும் தங்கள் தொடக்க நிரலில் ஒரு துண்டை மைக்ரோசொப்டிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குகின்றன. 2024 ஓகஸ்டில் வந்த வின்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, இரண்டு தளங்கள் உள்ள கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டது. ஆனால் பல கணினிகளில் அது லினக்ஸைத் தொடங்க விடாமல் செய்தது. சாவி யாரிடம் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது.

இது இன்றைக்கு ஏன் முக்கியம்? 2025 ஒக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. வின்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்காது. அண்ணன் உயர்தரத்துக்குப் பாவித்து, தங்கச்சிக்கு வந்த லெப்டொப்பைக் குப்பை என்று சொல்வது யார்? அதன் வன்தட்டா, அல்லது அதன் தொடக்கத் திரையை வைத்திருப்பவர்களா?

வின்டோஸை விட்டுவிடுங்க என்று சொல்ல வரவில்லை. படிப்புக்கும் வேலைக்கும் அது தேவைப்படலாம். அதனால்தான் ‘பக்கத்தில் இன்னொன்று’ என்ற ஏற்பாடே வந்தது. முதலில் முக்கியமானவற்றை வேறொரு தட்டில் பிரதி எடுங்க. பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வையுங்க. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்க. பிடிச்சா மட்டும் இடம் ஒதுக்குங்க.

பிறகும் நீங்க தினமும் வின்டோஸையே தெரிவு செய்யலாம், தப்பில்லை. ஆனால் கணினி உங்களிடம் கேட்கும். நாற்பது வருஷமாக நடந்த இழுபறி, அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.